கட்டணம் முடிவாகும் ஆண்டு



இலங்கையில் மாதம் 30 அலகுக்குள் மின்சாரம் பாவித்த வீட்டுக்கு ஓர் அலகின் விலை இரண்டரை ரூபாயாக இருந்தது. 2022 ஓகஸ்டில் அது 8 ரூபாய். 2023 பெப்ரவரியில் 30 ரூபாய்! நிலையான கட்டணம் 30 ரூபாயிலிருந்து 120, அங்கிருந்து 400. இரண்டு மின்குமிழ் எரிக்கும் வீட்டுக்கு வந்த பில் இது.

எரிபொருள் வாங்க டொலர் இல்லை என்றது அரசு. உண்மைதான். டொலர் இல்லாவிட்டால் ஒரு நாளில் 13 மணி நேரம் இருளில் கிடக்க வேண்டிய நாடாக இலங்கை எப்போது ஆனது? அதைத்தான் இன்றைக்குக் கேட்க வந்தேன்.

லக்சபானா, விக்டோரியா நிலையங்கள் தந்த நீர்மின்சாரத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள். 1996இல் மழை பொய்த்தது; தீவு முழுக்க மின்வெட்டு. நீரை மட்டும் நம்ப முடியாது என்று மின்சார சபையின் பொறியியலாளர்களுக்கு முன்பே தெரியும். எண்பதுகளிலேயே திருகோணமலையில் நிலக்கரி நிலையம் என்று திட்டம் போட்டார்கள். அது நின்றது. பிறகு நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் என்றார்கள். அங்கே மீனவரும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடலும் தோட்டமும் அவர்களுடைய சோறு. ஆனால் நிலக்கரி வேண்டாமென்றால் வேறு எது என்று முடிவெடுக்க வேண்டிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போட்டன. நுரைச்சோலையின் முதற்கட்டம் 2011இல்தான் வந்தது; 900 மெகாவாட்டும் முழுமையானது 2014இல்.

அந்த இடைவெளியை நிரப்பியது எண்ணெய். டீசல் நிலையத்தைச் சட்டென்று கட்டிவிடலாம், ஓட்டுவதற்குத்தான் பணம் கொட்ட வேண்டும். தனியாரோடு செய்த ஒப்பந்தங்களில், இயந்திரம் சும்மா நின்றாலும் அதைத் தயாராக வைத்திருப்பதற்குக் கட்டணம் உண்டு. கெரவலப்பிட்டியில் எரிவாயுவும் எரிக்கக்கூடிய 300 மெகாவாட் நிலையத்தை 2010இல் முடித்தார்கள். எரிவாயு வரவில்லை. உலை எண்ணெயையே எரித்தார்கள். அந்த எண்ணெய்க்கும் டொலர்தானே வேண்டும், ஐயா!

கட்டணத்தை உயர்த்தும்போது கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் இருபது ஆண்டுக்கான மின்னுற்பத்தித் திட்டத்தை மின்சார சபை வரைந்து, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதிக்கு வைத்தபோதெல்லாம் நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? எங்கள் பில் அந்தத் தாள்களில்தான் எழுதப்படுகிறது.

ஆகவே இங்கே கூடியிருப்பவர்களின் பெயரால் இரண்டு கோரிக்கை. அந்தத் திட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச நூலகங்களில் வையுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில், அது ஓராண்டு தாமதித்தால் எவ்வளவு எண்ணெய் எரிக்க வேண்டிவரும், அதனால் ஓர் அலகுக்கு எத்தனை ரூபாய் கூடும் என்றும் எழுதுங்கள்.