சர்வதேச அமைப்பு மேல கேஸ் போடலாமா?

ஒரு கம்பெனி தப்பு பண்ணா கேஸ் போடலாம். ஆனா பல நாடுகள் சேர்ந்து உருவாக்கின ஒரு அமைப்பு மேல?

குஜராத், முந்த்ராவில் ஒரு அனல் மின்நிலையம். அதுக்குக் கடன் கொடுத்தது ஐ.எஃப்.சி, உலக வங்கிக் குழுமத்தில் ஒண்ணு, தலைமையகம் வாஷிங்டன். மீன்பிடியும் நிலத்தடி நீரும் பாழாச்சுன்னு உள்ளூர் மீனவர்களும் விவசாயிகளும் அமெரிக்காவில் வழக்குப் போட்டாங்க. 'நாங்க சர்வதேச அமைப்பு, எங்களுக்கு முழு விலக்கு'ன்னு சொன்னது ஐ.எஃப்.சி.

2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 கணக்கில் அதை மறுத்தது. வெளிநாட்டு அரசுக்கு என்ன விலக்கோ, அவ்வளவுதான் இவங்களுக்கும். வணிகம் பண்ணா வழக்கு வரலாம்.

மீனவர்களுக்கு நஷ்டஈடு கிடைச்சுதா? இல்லை. பாதிப்புக்குக் காரணமான செயல் நடந்தது இந்தியாவில்தான்னு சொல்லி, கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. அந்தத் தீர்ப்பு மட்டும் இன்னிக்கும் நிக்குது.