இரவுத் தொண்டும் மடக்குக் கத்தியும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இளைஞர் சிலர் இரவில் சென்னை நடைபாதைகளில் உறங்கும் ஏழைகளுக்கு உணவும் போர்வையும் கொண்டு செல்கின்றனர். அவர்கள் மடக்குக் கத்தி வைத்திருத்தல் தகுமோவெனப் பெற்றோர் வினவுகின்றனர்.

மூட்டைக் கயிற்றை அறுக்கவும் பழம் நறுக்கவும் கத்தி வேண்டுவதே. ஆயின் தற்காப்பென்று இடுப்பில் செருகிச் செல்வதை நாம் ஒப்போம். அஞ்சுபவன் கையில் கத்தியிருப்பின் வாய்ச்சண்டையும் கொலையில் முடியக்கூடும். மேலும், கதவும் தாழும் இல்லாது வெட்டவெளியில் உறங்குபவரன்றோ நம்மினும் அஞ்சத்தக்க நிலையிலுள்ளார்! நள்ளிரவில் தம்மருகே கத்தி மின்னக் கண்டால் அவர் நம்மை உபகாரியென்று எண்ணுவரோ?

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையே கூரிய ஆயுதங்களாக வகுக்கின்றன. நம் பேனாக்கத்தி அத்தகையதன்று; எனினும் சிறு கத்தியால் விளைந்த காயத்தையும் சட்டம் மன்னியாது.

ஆகவே, கூட்டத்திற்கு ஒரு கத்தி போதும். அது மடக்கியபடி உணவுப் பையில் இருக்கட்டும். உறங்குவோர் அருகில் அதை விரிக்கலாகாது. காயக்கட்டு வெட்ட முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொள்க. தனியே செல்லற்க. தகராறு மூண்டால் விலகி வருக. நோயுற்றவரைக் கண்டால் 108க்கு அறிவிக்க.

பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. விரும்புவோரை அத்தகைய காப்பகத்திற் சேர்ப்பித்து, அச்சமின்றி உறங்கச் செய்வதே மேலான தொண்டாம். அதற்குக் கத்தி வேண்டா. கனிவும் பொறுமையுமே வேண்டும்.