ஆவணம் காப்போர் பணியும் அதற்குரிய மதிப்பும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

படித்த நம் பிள்ளைகள் எத்துறைக்குச் செல்லலாம் என்பது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் பணித்தார்கள். மருத்துவம், பொறியியல், சட்டம், ஆட்சிப்பணி ஆகியவற்றின் சிறப்பை எடுத்துரைக்கப் பலர் உளர். ஆதலின், எவரும் எடுத்துரைக்காத ஒரு துறையைப் பற்றி நான் பேச விழைகிறேன். அது ஆவணங்களைக் காக்கும் துறை. அலுவலகங்களில் ‘ரெக்கார்டு ரூம்’ எனப்படும் பதிவறையைச் சார்ந்த துறை.

பதிவறை என்றதும் உங்களுள் சிலர் முறுவலிக்கின்றீர்கள். அதில் வியப்பில்லை. தூசும் கரையானும் நிறைந்த இருட்டறை என்பதே பலர் மனத்தில் உள்ள படம். மேலதிகாரியின் சினத்துக்கு ஆளானவரை அனுப்பிவைக்கும் இடம் அது என்னும் பேச்சும் உண்டு. கோப்பு கிடைத்துவிட்டால் எழுத்தரைப் பாராட்டுவார் இல்லை. கிடைக்காவிடில் ஏசாதார் இல்லை. ஆயினும், அவ்வறையில் இருப்பவர் யார், அவர் எத்தகைய பயிற்சி உடையவர், எவ்வளவு நேர்மையாளர் என்பதைப் பொறுத்தே நம் மக்களின் நிலமும் வாழ்வும் நின்றிருக்கின்றன, வீழ்ந்தும் இருக்கின்றன. நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே.

நம் நாட்டில் இப்பணி என்றும் இழிவாகக் கருதப்பட்டதன்று. சோழர் ஆட்சியில் அரசனின் ஆணையை ஓலையில் எழுதுவோர்க்குத் திருமந்திர ஓலை என்றும், அவர்தம் தலைவர்க்குத் திருமந்திர ஓலைநாயகம் என்றும் பெயர். நிலவரிக் கணக்கைப் பேணப் புரவுவரித் திணைக்களம் இருந்தது. வரிப்பொத்தகம் என்றொரு பதவியும் இருந்தது. அவ்வலுவலர்களின் பெயர்கள் செப்பேடுகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. இதைவிடச் சிறந்த மதிப்பு எது?

ஆனால் நண்பர்களே, அதே காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்களும் காணப்படுகின்றன. ஊர்களின் நிலத்தை அளந்து கணக்கிட்டபோது, வரி விதிப்பினின்று நீக்கிய நிலங்களுள் ஒன்றாக நம் முன்னோர் குடியிருப்பு குறிக்கப்பட்டுள்ளது. ஆவணத்தில் நாம் இருந்தோம். அதை எழுதியவர்களும் காத்தவர்களும் வேறு யாரோ. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு அண்மைக் காலத்துக்கு வருவோம்.

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர், நம் மக்களின் அவல நிலையை விளக்கி ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. நாம் பஞ்சமி நிலம் என்று வழங்கும் நிலங்கள் அவ்வழி வந்தவையே. முதல் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு அன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. அந்நிபந்தனை இருந்தும் ஊர்தோறும் நிலம் கைமாறியது. 1994-இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கப் போராடியோர் மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து, நம்மவர் இருவர் உயிர்நீத்தனர்.

இத்தகைய வழக்குகளில் இறுதியில் கேட்கப்படும் வினா ஒன்றே. ‘ஆதாரம் எங்கே?’ ஆதாரம் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் இருக்கிறது. ஒப்படை ஆணையில் இருக்கிறது. ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருக்கிறது. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதப்பட்ட கணக்கை அதற்கு முந்திய கணக்கோடு ஒப்பிட்டால்தான் நிலம் யாருக்குரியதாய் இருந்தது என்பது புலனாகும். முந்திய ஏடு கரையானுக்கு இரையாகியிருந்தால் ஒப்பிடுவது எவ்வாறு? இன்று பட்டாவைக் கணிப்பொறியில் ஒரு நொடியில் காண்கிறோம். மகிழ்ச்சியே. ஆனால் கணிப்பொறி தனக்குள் இட்டதைத்தான் காட்டும். இடாமல் விட்டதைக் காட்டாது.

மாவட்ட அலுவலகங்களில் முடிந்த கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகைப்படுத்துவது வழக்கம். குறித்த காலம் கடந்தால் நிரந்தரம் அல்லாதவை அழிக்கப்படும். நிலம் பற்றிய கோப்பு ஒன்றில் நிரந்தரம் என எழுதவேண்டிய இடத்தில் மூன்றாண்டு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நான்காம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் உரிமையே எரிந்து சாம்பலாகும். இவ்வளவு பெரிய முடிவை எடுப்பவரை வெறும் எழுத்தர் என்று எவ்வாறு ஒதுக்குவது?

நம்மைப் போலவே நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்க்கு இங்கிலாந்தில் நேர்ந்ததையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அந்நாட்டுக்கு உழைக்க வந்தோரை, அவர்கள் வந்த கப்பல் ஒன்றின் பெயரால் ‘விண்ட்ரஷ்’ தலைமுறையினர் என்பர். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் அட்டைகள் உள்துறையின் பொறுப்பில் இருந்தன. 2010-இல் அவை அழிக்கப்பட்டன. பின்னர்க் குடியேற்ற விதிகள் இறுகியபோது, அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தவர்கள் தம் உரிமையை மெய்ப்பிக்க இயலாமல் வேலையும் மருத்துவ உதவியும் இழந்தனர்; சிலர் நாடு கடத்தவும் பட்டனர். 2018-இல் அது பெரும் கொந்தளிப்பாகி, அரசே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பயனற்ற பழந்தாள் எது, ஒரு மனிதனின் உயிர்நாடி எது என்று பிரித்தறியும் அறிவே இத்துறையின் கல்வி.

அக்கல்வி இன்று முறையாகக் கிடைக்கிறது. 1891-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட அரசு ஆவணத் துறையே பின்னர்ப் புதுதில்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமாயிற்று. அதன் பயிற்சிப் பள்ளி ஓராண்டுப் பட்டயப் படிப்பும் குறுகியகாலப் பயிற்சிகளும் நடத்துகிறது. வகைப்படுத்துதல், மதிப்பிடுதல், அட்டவணையிடுதல், சிதைந்த தாளைச் செப்பனிடுதல், மின்வடிவ ஆவணங்களைப் பேணுதல் ஆகியன எல்லாம் கற்றுத் தேர வேண்டிய கலைகள். நம் சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தை ஒருமுறையேனும் சென்று காணுங்கள்.

சட்டமும் இத்துறையை மதிக்கத் தொடங்கியுள்ளது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது ஆவணங்கள் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. ஒவ்வோர் அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும், முறைகேடாக ஆவணத்தை அழிப்பவர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும் அது கூறுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, பொது அலுவலகங்கள் ஆவணங்களை அட்டவணைப்படுத்திப் பேணுவதையே முதற் கடமையாக விதிக்கிறது. நீங்கள் விண்ணப்பம் எழுதி, ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்று மறுமொழி வருமாயின், அங்கே குறைந்திருப்பது தாள் மட்டுமன்று. பயிற்சி பெற்ற ஆளும் அவர்க்குரிய மதிப்பும் குறைந்திருக்கின்றன.

கதவு நமக்குத் திறந்த நாளையும் மறவாதீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்த கர்ணம் முதலிய கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டன. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் பதவி தேர்வு எழுதி அடைவதாயிற்று. இட ஒதுக்கீடும் வந்தது. பிறப்பால் வந்த கணக்கு, படிப்பால் வரும் கணக்காயிற்று. சேரியில் பிறந்தவர் சிட்டாவும் அடங்கலும் எழுதும் காலம் பிறந்தது. ஒரு பணி தொழில் என்னும் தகுதியை அடைவதற்கு முதற்படி இதுவன்றோ?

அடுத்த படி நம் கையில் உள்ளது. மதிப்பைக் கேட்டுப் பெற இயலாது. மருத்துவர் மதிப்புப் பெற்றது கல்வியாலும் ஒழுக்க நெறியாலும் ஆகும். ஆவணம் காப்போர்க்கும் ஓர் ஒழுக்க நெறி உண்டு. எழுதியதை மாற்றாதே, உரியவர்க்கு மறைக்காதே, உரிமையற்றவர்க்குக் காட்டாதே. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்வேன். நம்மவர்க்கு நன்மை பயக்கும் என்று எண்ணியும் ஓர் எழுத்தைத் திருத்தலாகாது. பொய்க் கணக்கால் நிலம் இழந்த மக்கள் நாம். நாம் வேண்டுவது நமக்குச் சாதகமான கணக்கன்று, உண்மையான கணக்கு. உண்மைக் கணக்கே நமக்குப் போதிய சாதகம்.

இப்பணியின் பெருமைக்கு வசந்த் மூன் அவர்களே சான்று. அண்ணல் அம்பேத்கர் 1956-இல் மறைந்தபின், அவர்தம் அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல்லாண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு அலுவலராயிருந்த வசந்த் மூன் அவற்றைத் தேடிக் காத்துப் பதிப்பிக்கும் பணியில் தம்மை ஒப்படைத்தார். முதல் தொகுதி 1979-இல் வெளிவந்தது. பண்டித அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழின் கட்டுரைகளை இன்று நூலாக நாம் படிப்பதும், பழைய இதழ்களை இல்லங்களில் பொன்போல் காத்துவைத்த அன்பர்களால்தான்.

பிறர்க்குச் சொல்லுமுன் நம் வீட்டைச் சீர்செய்வோம். என் பணிக்காலத்தில் தலைமையாசிரியர் அறையின் மிக உயர்ந்த உடைமையாக நான் கருதுவது சேர்க்கைப் பதிவேட்டையே. முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த நம் குழந்தைகளின் பெயரும் பிறந்த நாளும் அதில்தான் இருக்கின்றன. அதுபோல் இக்கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு, உதவித்தொகை பெற்ற மாணவர் பட்டியல், நிழற்படங்கள் ஆகியவற்றைத் தொகுக்க இருவர் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் பட்டா, சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, படியெடுத்து வேறோரிடத்திலும் வைக்கட்டும். கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்கும் ஆவணக் காப்பகப் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் நம் இளைஞர் சிலரையேனும் கழகம் ஆயத்தப்படுத்தட்டும்.

பொன்விழாவில் இவ்விடத்தில் நிற்கப்போகும் ஒருவர், நம் கழகம் என்ன செய்தது என்று எவரையும் கேட்க வேண்டாத வகையில் ஏடுகள் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் அவா.