பிறப்பா, பயிற்சியா?

(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



வீட்டிலிருந்தபடியே கணினியின்முன் அமர்ந்து கூலிக்கு உழைக்கும் வாழ்க்கை இன்று சிற்றூர்வரை வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், இணையவழிப் பாடம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு மொழி கற்பித்தல் என அவ் வேலைகள் பலவகைப்படும். வேலை தருவோன் ஒரு நாட்டில் இருக்கின்றான். செய்வோன் மற்றொரு நாட்டில் இருக்கின்றான். இருவருக்கும் இடையில் ஓர் இணையத்தளம் நிற்கின்றது. அத் தளத்தின் வாயிலில் பல வேளைகளில் ஒரு வரி தொங்குகின்றது: 'தாய்மொழியாளர் மட்டுமே தேவை.' அவ் வரியின் உண்மைப் பொருள் என்ன? அஃது அறத்தின்பாற்பட்டதா? தமிழுக்கு அது நன்மை செய்வதா? இம் மூன்று வினாக்களே இன்றைய பொழிவின் பொருள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அவ் வரி திறமையைக் கேட்பது போல் தோன்றும். ஆனால், நடைமுறையில் அது பிறந்த நாட்டையே கேட்கின்றது. 2013-இல் சீனத்தில் தோன்றிய வி.ஐ.பி.கிட் என்னும் நிறுவனம் இணையவழியே சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தது. அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாட்டாரையே அஃது ஆசிரியராக ஏற்றது. அயல்நாட்டிலிருந்து கற்பிப்போரைக் கொண்டு பாடம் நடத்துதலைச் சீன அரசு 2021-இல் தடுத்த பின் அம் முறை நின்றது. நடந்த காலத்திலோ, திருச்சியில் முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியருக்கும் அவ் வாயில் அடைத்தே கிடந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டது நாடு ஒன்றே!

இனி, தேர்வு வைத்துப் பார்க்கும் இடங்களிலேனும் முறை உண்டா? பல தளங்களில் தம் மொழித்திறனைத் தாமே படிவத்தில் குறிக்க வேண்டும். அங்கே அடக்கமுடையவன் கீழ்ப்படியில் நிற்பான். தற்புகழ்வோன் மேற்படியில் ஏறுவான். எந்திரத்தைக் கொண்டு வடிகட்டும் இடங்களிலோ நிலைமை இன்னும் கொடிது. ஒரு கட்டுரையை எழுதியது மாந்தனா எந்திரமா எனக் காணும் கருவிகள் ஏழனை, 2023-இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, அக் கருவிகள் சராசரியாக நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவற்றை எந்திரம் எழுதியவை எனப் பிழையாகச் சாற்றின. கரணியம் என்ன? கற்று எழுதுவோர் எளிய சொற்களையும் பழகிய தொடர்களையுமே கையாள்வர். அந்த எளிமையே அவர்மீது குற்றமாக ஏற்றப்பட்டது. நேர்மையாக உழைத்தவன் ஏமாற்றுக்காரனாக நிறுத்தப்பட்டான்.

இத்தகைய தேர்வுகளுக்குச் செலவாகும் நேரத்துக்குக் கூலி தருவார் அரியர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 இணையத் தொழிலாளரிடம் கேட்டறிந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கூலி கிடைக்கும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும், வேலை தேடுவதிலும் தகுதித் தேர்வு எழுதுவதிலும் பிறவற்றிலுமாக ஏறத்தாழ 20 மணித்துளிகள் கூலியின்றிக் கழிகின்றன என அது கணக்கிட்டது. ஏழையின் வீட்டில் அந்த 20 மணித்துளிகள் ஒரு வேளை உணவின் பங்கல்லவா?

அப்படியாயின், வேலை தருவோர் மொழித்தகுதி கேட்கவே கூடாதா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்கும் முறை எது என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த இரண்டு வழக்குகள் நல்ல எடுத்துக்காட்டுகள்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், நெதர்லாந்து நாட்டுப் பெண் ஓவியர் ஒருவர் கல்லூரியொன்றில் நிலையான ஆசிரியப் பணியை வேண்டினார். அந்நாட்டுத் தொன்மொழியாகிய ஐரிசுத் தேர்வில் அவர் தேறவில்லை. ஓவியம் கற்பிக்கும் மொழி ஆங்கிலமே. பின் ஐரிசு எதற்கு என வழக்குத் தொடர்ந்தார். 1989-இல் ஐரோப்பிய முறைமன்றம், தன் மொழியைக் காக்க விரும்பும் நாடு அம் மொழியறிவைக் கேட்கலாம் என்றது. உடனேயே ஒரு வரம்பும் கட்டியது: கேட்பது அளவுக்கு மிஞ்சக் கூடாது, அம் மொழியை அந்நாட்டு மண்ணிலேயே கற்றிருக்க வேண்டும் எனவும் கட்டாயப்படுத்தக் கூடாது.

மற்றொன்று இத்தாலியின் போல்சானோ மாநிலத்தில் எழுந்தது. இத்தாலியமும் செருமனும் நன்கறிந்த ஒருவரை வைப்பகம் ஒன்று ஏற்கவில்லை. அம் மாநிலத்தில் மட்டும் வழங்கப்படும் ஒரு சான்றிதழ் அவரிடம் இல்லை என்பதே குறை. 2000-இல் அதே மன்றம், இருமொழியறிவைக் கேட்பது முறையே. அதனை அந்த ஒரே தாளால்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்பது முறையன்று எனத் தீர்த்தது.

பெருமக்களே! சிறுபான்மை மொழிக்கும் காப்பு, அயலானுக்கும் முறை. இரண்டும் ஒருங்கே நிற்கக் கூடும் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

இனித் தமிழுக்கு வருவோம். எந்திரங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வேலைகளிலும் இன்று 'தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டும்' எனக் கேட்கின்றனர். இதைக் கேட்டுத் தமிழர் சிலர் மகிழக் கூடும். மகிழுமுன் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் சௌராட்டிர நெசவாளர் வீட்டுப் பெண்ணொருத்தி தமிழ்வழியிலேயே பயின்று, வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் பிழையின்றி அறிந்தவள் எனக் கொள்வோம். படிவத்தில் தாய்மொழி எதுவென்னும் வினாவுக்கு அவள் உண்மையை எழுதினால் வேலை போகும். தமிழ்க் குடும்பத்திற் பிறந்தும் ழகர ளகர வேறுபாடு அறியாது, ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டும் இளைஞன் உள்ளே போவான். இதனால் ஆக்கம் தமிழுக்கா?

நூல்தமிழ் எவருக்கும் தொட்டிலிற் கிடைப்பதன்று. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி செய்தார். கனடாவிற் பிறந்த போப்பு 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் முழுதும் தந்தார். இவரெல்லாம் இன்று வந்தால், தமிழ் வேலைக்குத் தகுதியற்றோர் எனத் தளம் திருப்பியனுப்பும்! மறைமலையடிகளார், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின், தம் முந்தைய நூல்களிற் கலந்திருந்த வடசொற்களைத் தாமே களைந்து திருத்தினார். பிறப்பால் தமிழரான அவரே தூய தமிழை முயன்றன்றோ அடைந்தார்!

பிறந்த ஊரின் காது வேண்டிய வேலைகளும் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சையோ கொங்குப் பேச்சையோ கேட்டு எழுதவும், அவ்வவ் வட்டாரக் குரலைப் பதியவும் அங்கே வளர்ந்தவரே பொருத்தமானவர். அங்கே 'கொங்குப் பேச்சு அறிந்தவர்' என வெளிப்படையாகக் கேட்பதில் பிழையில்லை. மெய்ப்புத் திருத்தவும் மொழிபெயர்க்கவும் அவ் வரையறை வேண்டுவதில்லை.

ஆகவே, தமிழர் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை: வேலைக்கு வேண்டிய திறன் எதுவெனத் தெளிவாகச் சொல்லப்படுக! தமிழ்த் தேர்வைத் தமிழறிந்தோரே அமைத்துத் திருத்துக! பேருந்து என எழுதினும் வட்டார வழக்கை எழுதினும், பொருந்தும் விடைகள் யாவும் ஏற்கப்படுக! தேர்வு நேரத்துக்குக் கூலி தரப்படுக! தள்ளப்பட்டவனுக்குக் கரணியம் கூறப்பட்டு, மறுபார்வைக்கு வழியும் திறக்கப்படுக!

ஆங்கிலத்தின் வாயிலில் பிறப்பைக் காட்டித் தள்ளப்பட்ட தமிழன், தமிழின் வாயிலில் அதே கோலை எடுத்து மற்றவனைத் தள்ளலாகாது. இளைஞர்களே! தாய்மொழி எனும் உரிமைச் சீட்டை நம்பி அமர்ந்துவிடாதீர். நாள்தோறும் ஒரு பக்கமேனும் பிழையற்ற தமிழில் எழுதிப் பழகுங்கள். தமிழ் கற்று வரும் எவரையும் கைகொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!