இரும்புக் குழாயும் வாணத்தின் வேகமும்

(மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஷஹீத் திப்பு சுல்தானின் வாணங்களைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவை மற்றவர்களின் வாணங்களைவிட ஏன் வலுவுடன் பாய்ந்தன என்று ஒரு மாணவர் வினவினால், நம்மில் எத்தனை பேர் விடை பகர்வோம்?

திட எரிபொருள் ஒரே கணத்தில் எரிந்து தீர்வதன்று. மேற்பரப்பிலிருந்து ஏடு ஏடாக உள்நோக்கி எரியும். ஒரு விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் எரிகிறதோ, அதுவே எரிவேகம். சூழ்ந்திருக்கும் வாயுவின் அழுத்தம் கூடினால் தழல் மேற்பரப்பை நெருங்கி, அதிக வெப்பத்தைச் செலுத்தும், எரிவேகமும் கூடும். காகிதக் கூடும் மூங்கிலும் அவ்வழுத்தத்தைத் தாங்கா. மைசூர்க் கைவினைஞர்கள் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். குழாய் தாங்கியது, மருந்து விரைந்து எரிந்தது, உந்துவிசை பெருகியது. வூல்விச்சில் பாதுகாக்கப்பட்டு வந்த இரு குழாய்களும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமே!

மருந்தின் தூய்மையும் இதில் சேரும். 13ஆம் நூற்றாண்டிலேயே சிரியாவின் ஹஸன் அர்ரம்மாஹ், மரச்சாம்பலைக் கொண்டு வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையை எழுதி வைத்தார்.

ஆனால் அழுத்தம் எரிவேகத்தைக் கூட்ட, எரிவேகம் அழுத்தத்தைக் கூட்ட, வாயு வெளியேறும் வாய் ஈடுகொடாவிடில் இரும்பும் பிளந்துவிடும். பட்டாசு மருந்தைக் குழாயில் அடைத்துப் பார்க்க எண்ணும் பிள்ளைகளே, வேண்டவே வேண்டாம்! விரல்களும் கண்களும் போய்விடும். இக்காலப் பொறியாளர்கள் உப்பின் துகளை நுண்ணியதாக்கியும் இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கிகளைச் சேர்த்தும் எரிவேகத்தைக் கூட்டுவது, அளந்து அளந்து சோதித்த பின்னரே. மர்ஹூம் அப்துல் கலாம் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்த எஸ்.எல்.வி.3, நான்கு அடுக்கும் திட எரிபொருளே.

1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் சிதறின. வாணமே காரணம் என்பார் பலர். பீரங்கிக் குண்டு என்பாரும் உளர். இரண்டையும் சொல்வதே நேர்மை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வாணங்கள் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் தாமும் இரும்புக் கூட்டில் வாணங்கள் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் அவற்றால் எரிந்தது. அவர் தம் ஆய்வை நூல்களாக எழுதி வைத்தார். நம் கைவினைஞர்களின் பெயர்களையோ எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. அவர்கள் செய்த குழாய்கள் ஆயிரத்திற்கும் மேல், 2018இல் ஷிமோகா மாவட்டத்து நகரா கோட்டைப் பகுதியில் பாழ்ங்கிணற்றுச் சேற்றிலிருந்து துருவேறிக் கிடைத்தன.