கைபேசிக் குரலைக் கணினியில் காப்பது

வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டையில், பிழைப்புக்காக வளைகுடா சென்றவர்கள் உள்ள வீடுகள் ஏராளம். கடல் கடந்தவர்கள் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் உண்டு. 2013 முதல் அந்த வேலையை வாட்ஸ்அப் குரல் செய்தி செய்கிறது. கைபேசி பழுதானால் அந்தக் குரலும் போய்விடக்கூடும். மறைந்த தாயின் குரல் என்றால் அது ஈடில்லாத இழப்பு.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, குரல் செய்தியின் ஓரத்து அம்புக்குறியை அழுத்தினால் பதிவிறக்கும் வசதி தெரியும். ஆண்ட்ராய்டு கைபேசியானால் யூஎஸ்பி கேபிளில் இணைத்து, 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' கோப்புறையை மொத்தமாகவே நகலெடுக்கலாம். ஓபஸ் வடிவிலுள்ள இவை விஎல்சி பிளேயரில் ஒலிக்கும். கோப்புப் பெயரில் தேதியும் எண்ணும்தான் இருக்கும். பேசியவர் பெயரை உடனே சேர்த்துவிட வேண்டும். பென்டிரைவில் இன்னொரு பிரதியும் அவசியம்.