கால்நுனியில் நின்ற ஹார்லெம்



பத்தாண்டு நிறைவு விழாவில் பாலே நடனத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று நண்பர்கள் சிலர் வியப்போடு கேட்டார்கள். கவிஞர்கள் கூடும் இடத்தில் யாப்பு பற்றிய வழக்கு ஓய்வதில்லை. மரபு வேண்டும் என்பார் ஒரு சாரார். வேண்டாம் என்பார் மறுசாரார். இரு சாராரும் அதிகம் எடுத்துக்கொள்ளாத கேள்வி ஒன்றுண்டு. 'இது உங்களுக்குரியதன்று' என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் ஒரு பழைய வடிவத்தைத் தாமே எடுத்துக்கொண்டால், அவ்வடிவத்துக்கு என்ன நேர்கிறது? இதற்கு நான் அறிந்த தெளிவான விடை நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் 1969இல் தோன்றிய ஒரு நடனக் குழு. 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' என்பது அதன் பெயர். ஹார்லெம் நடன அரங்கு என்று சொல்லிக்கொள்வோம்.

பாலே அரசவையில் பிறந்த கலை. இத்தாலிய அவைகளில் அரும்பி, பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1661இல் நிறுவிய நடனக் கழகத்தின் வழியாக இலக்கணம் பெற்று, ரஷ்யாவில் முழுவளர்ச்சி கண்டது. பாதங்களுக்கு ஐந்து அடிப்படை நிலைகள். இடுப்பிலிருந்தே கால் வெளிநோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இடுப்பு முதல் விரல் நுனி வரை கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நம் அசை, சீர், தளைக்குச் சற்றும் குறையாத கண்டிப்பு. இந்தக் கண்டிப்போடு எழுதாத விதி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது: ஆடுபவரின் தோல் வெளுத்திருக்க வேண்டும். ரேவன் வில்கின்சன் என்ற கறுப்பினப் பெண்மணி 1955இல் ரஷ்யப் பாலே மரபில் வந்த ஒரு குழுவில் இடம்பெற்றார். தோல் வெளிர்நிறமாக இருந்ததால் சில காலம் ஆட முடிந்தது. தென்மாநிலப் பயணங்களில் விடுதிகள் அவருக்கு இடம் மறுத்தன. கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தாரின் அச்சுறுத்தலும் சேர்ந்தது. கடைசியில் அவர் நெதர்லாந்துக்குச் சென்று ஆடும்படியாயிற்று.

அதே 1955இல் ஜார்ஜ் பாலன்சினின் நியூயார்க் நகர பாலே குழுவில் ஓர் இளைஞர் சேர்ந்தார். அவர் ஆர்தர் மிட்செல். 1934இல் ஹார்லெமிலேயே பிறந்தவர். தந்தை சிறை சென்றபோது அவருக்கு வயது பன்னிரண்டு. குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டே நடனம் கற்றார். 1957 டிசம்பரில் பாலன்சின் 'அகோன்' என்ற படைப்பை மேடையேற்றினார். போட்டி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இசை ஸ்ட்ராவின்ஸ்கி. கதையில்லை, திரைச்சீலை ஓவியமில்லை. பயிற்சி உடையில் பன்னிரண்டு பேர். அதன் நடுநாயகமான இருவர் ஆட்டத்தை மிட்செலுக்கும், தென்மாநிலமான வர்ஜீனியாவில் பிறந்த வெள்ளைப் பெண்மணி டயானா ஆடம்ஸுக்கும் அவர் கொடுத்தார். கறுத்த கையும் வெளுத்த கையும் பின்னிப் பிரிவதையே ஆட்டத்தின் கட்டுமானத்தில் வைத்தார். லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய இராணுவக் காவல் தேவைப்பட்ட ஆண்டு அது. அந்த இருவர் ஆட்டம் அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் காட்டப்படுவதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் மிட்செல் பிரேசில் நாட்டில் ஒரு தேசிய பாலே குழுவை உருவாக்கும் பணியில் இருந்தார். அங்கே செல்வதற்காக விமான நிலையத்துக்குப் போகும் வழியில் செய்தி கிடைத்தது. அந்நிய நாட்டில் குழு கட்டுவதைவிடத் தான் பிறந்த தெருவில் கட்டலாமே என்று தோன்றியதாம். பாடகி டாரதி மேனர் ஹார்லெமில் நடத்திவந்த கலைப்பள்ளியில் அவ்வாண்டே பாடம் தொடங்கினார். முப்பது பிள்ளைகள் சில மாதங்களில் நானூறு ஆனார்கள். அடுத்த ஆண்டு, தம் ஆசிரியர் காரல் ஷூக்கோடு சேர்ந்து தனி நிறுவனமாக்கினார். ஒரு தேவாலயத்தின் நிலவறையிலும், பின்னர் மோட்டார் வண்டிகள் நிறுத்திய பழைய கொட்டகையைத் திருத்தியும் வகுப்புகள் நடந்தன. கதவைத் திறந்தே வைத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இறுக்கமான காலுறை அணியக் கூசிய பையன்களை, வெட்டிய ஜீன்ஸோடு வரலாம் என்றார். ஆனால் பாதத்தின் ஐந்து நிலைகளில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. கறுப்பர்களின் பாதம் தட்டை, இடுப்பு அகலம், பாலேக்கு உடம்பு வளையாது என்றனர் ஒரு சாரார். இது பதில் சொல்லத் தகாத பேச்சு. மறுபக்கக் கேள்வி கனமானது. கறுப்பினத்தார் தம் வேர்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பிய அரசர்களின் ஆட்டம் நமக்கு எதற்கு என்று கேட்டார்கள். நானும் அந்தக் கேள்வியோடுதான் இக்குழுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மிட்செல் அதற்குக் கட்டுரை எழுதி விடை சொல்லவில்லை. விடை காலுறையில் இருந்தது.

பாலேயில் பெண்கள் இளஞ்சிவப்புக் காலுறையும் அதே நிறத்தில் பட்டுக் காலணியும் அணிவது வழக்கம். இளஞ்சிவப்பு ஏன்? வெள்ளைத் தோலுக்கு அது ஏறக்குறைய ஒத்த நிறம். கால் முழுதும் ஒரே கோடாகத் தெரியும். கறுத்த உடம்பில் அதே காலுறை அந்தக் கோட்டை இடுப்பிலேயே வெட்டிவிடுகிறது. ஆக, விதியின் சொல்லைக் காத்தால் விதியின் நோக்கம் கெடுகிறது. 1970களில் ஹார்லெம் நடன அரங்கின் பெண்கள் அவரவர் தோல் நிறத்துக்கேற்பக் காலுறைக்கும் காலணிக்கும் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். ஒரே மேடையில் வெளிர்பழுப்பு முதல் கருங்காலி வரை பல நிறக் கால்கள். ஒவ்வொன்றும் அறுபடாத கோடு. மரபை மீறிவிட்டார்கள் என்று இதைச் சொல்வதா, இளஞ்சிவப்பணிந்தவர்களைவிட மரபின் உட்பொருளை நன்கு அறிந்தவர்கள் என்று சொல்வதா? நான் இரண்டாவதையே சொல்வேன். தளை தட்டாமல் எழுதிவிட்டு வெண்பாவின் ஓசையைக் கோட்டைவிடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? புகழ்பெற்ற லண்டன் 'ஃப்ரீட்' நிறுவனம் பழுப்பு நிறக் கால்நுனிக் காலணிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். அதுவரை ஆடும் பெண்களே ஒப்பனைப் பூச்சைத் தடவிக்கொள்ள வேண்டியிருந்தது.

1971 ஜனவரியில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் குழுவின் முதல் பெரும் நிகழ்ச்சி நடந்தது. பாலன்சின் தம் படைப்புகளை ஆட இசைந்தார். எனவே 'அகோன்' ஹார்லெமுக்கே வந்து சேர்ந்தது. டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர் 1974இல் 'டூக்லா' என்ற படைப்பைத் தந்தார். டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்க்கும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் பிறந்த மக்களைக் குறிக்கும் பெயர் அது; வட இந்தியப் பேச்சுமொழியிலிருந்து கடலைக் கடந்து போன சொல். அவர்களது திருமணச் சடங்கே ஆட்டத்தின் பொருள். 1982இல் ஜான் டாரஸ் அமைத்த 'நெருப்புப் பறவை'யில் ரஷ்யக் கதை வெப்பமண்டலக் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஸ்டெஃபனி டாப்னி அந்தப் பறவையாக ஆடிப் புகழ்பெற்றார்.

ஆனால் என் கேள்விக்கு முழு விடை 1984இல் வந்த 'கிரியோல் ஜிசெல்'. 'ஜிசெல்' 1841இல் பாரிஸில் அரங்கேறியது. உயர்குலத்தான் ஒருவன் வேடமிட்டு வந்து கிராமத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். உண்மை வெளிப்பட்டதும் அவள் சித்தம் கலங்கி இறக்கிறாள். ஏமாற்றப்பட்டு இறந்த கன்னியரின் ஆவிகளோடு சேர்கிறாள். அந்நிலையிலும் அவனைக் காப்பாற்றுகிறாள். மிட்செல் கதையின் காலத்தை 1841 என்று வைத்தார். இடத்தை ஜெர்மன் கிராமத்திலிருந்து அமெரிக்காவின் லூசியானாவுக்கு மாற்றினார். அங்கே அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் தனிச் சமூகமாக வாழ்ந்தனர். யார் குடும்பம் எத்தனை தலைமுறைக்கு முன் விடுதலை பெற்றது என்பதே அவர்களுக்குள் உயர்வு தாழ்வை முடிவுசெய்தது. அசைவுகளும் இசையும் பெரும்பாலும் பழையவையே. எனினும் குலப் பெருமை என்ற சொல் அங்கே வேறு எடை பெற்றுவிடுகிறது. பாரிஸ் மேடையில் காதல் துயரமாக இருந்தது, அடிமைத்தனம் விட்டுச்சென்ற தழும்பைத் தொடும் கதையாகிறது. புதிதாக ஒன்றும் எழுதாமல் பழைய பாட்டையே புதுப் பொருளில் பாடவைத்த செயல் இது.

ஜிசெல்லாக ஆடியவர் வர்ஜீனியா ஜான்சன். கறுப்பினப் பெண்ணுக்குப் பாலேயில் எதிர்காலமில்லை என்று பயின்ற காலத்திலேயே சொல்லிக் கேட்டவர். 1969இல் தொடக்கக் குழுவில் சேர்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆடினார். உயரமானவர், கைகள் நீண்டவை, அவசரமே இல்லாத அசைவு. ஒளிப்படச் சுருளில் அவரது பைத்தியக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் அழுது காட்டுவதில்லை. முதலில் மகிழ்ச்சியாக ஆடிய அதே அடிகளை நினைவிலிருந்து தேடித் தேடி எடுப்பதுபோல் ஆடுகிறார். ஒரு வரியை மறந்துபோனவள் அதைத் திரும்பச் சொல்ல முயல்வதுபோல இருக்கும். ஹார்லெமில் வளர்ந்த லிடியா அபார்க்காவும் முதல் தலைமுறையின் ஒளி. அவரைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச இன்று நேரமில்லை.

1988இல் பாலேயின் தாய்வீடாகிய சோவியத் நாட்டிலும், 1992இல் நிறவெறி ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவிலும் குழு ஆடியது. பெருமைகள் வந்தன, பணம் வரவில்லை. ஏறக்குறைய 23 இலட்சம் டாலர் கடனில் 2004இல் குழு நிறுத்தப்பட்டது. எட்டாண்டுகள் மேடையில் அவர்கள் இல்லை. பள்ளி மட்டும் சிறிய அளவில் உயிரோடு இருந்தது. எழுத்தில் உள்ள கவிதை எட்டாண்டு அலமாரியில் கிடந்தாலும் கெடாது. நடனம் ஆடுகிறவர்களின் உடம்பில் மட்டுமே இருப்பது. இருபது வயதில் நின்றவருக்கு இருபத்தெட்டில் அது திரும்புவதில்லை. ஒரு தலைமுறையே இழந்துபோயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இடையில் பாலே இதழொன்றின் ஆசிரியராக இருந்த வர்ஜீனியா ஜான்சனை மிட்செல் திரும்ப அழைத்தார். அவர் தலைமையில், முன்னைவிடச் சிறிய குழுவாக, 2012இல் மீண்டும் ஆடத் தொடங்கினார்கள். 2018 கோடையில், எண்பத்து நான்கு வயதில், தாம் குழுவின் தொடக்க நாள்களில் அமைத்த ஒரு படைப்பை இளையவர்களுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க மிட்செல் வந்தார். பழைய அடிகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று காலமானார். மறு ஆண்டு, குழுவின் பொன்விழாவில், அவர் இல்லாமல் அதை ஆடினார்கள். 2023இல் வர்ஜீனியா ஜான்சன் பொறுப்பை ராபர்ட் கார்லண்டிடம் கொடுத்தார். அவரும் அதே குழுவில் ஆடியவர்தாம்.